வாத்து நடுத்தெருவில் நிற்கிறது

பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்து உடையின் கழுத்தை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அவள் இன்னொரு வாய் எடுத்தாள். அதுவும் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். வலது பாதி வழக்கம்போல இருந்தது. இடது பாதி, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்ட ஆளின் மேசை மாதிரி அசைவில்லாமல் கிடந்தது. புருவத்தைத் தூக்கினாள், ஒன்றுதான் ஏறியது. கண்ணை மூடினாள், ஒன்றுதான் மூடியது. இன்னொன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க. முகத்து நரம்பு வீங்கியிருக்கு. சில பேருக்கு வாரக் கணக்குல சரியாயிடும், சில பேருக்கு மாசக் கணக்கு. கொஞ்ச பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்னுடும்," என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு பிளாஸ்திரி. கூடவே கண்ணாடி முன்னால் நின்று செய்ய வேண்டிய பயிற்சிகள்: விசிலடிக்க வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், சிரிக்க வேண்டும்.

அவள் பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அங்கே சிரிப்பு என்பது சீருடையின் ஒரு பகுதி. சேர்ந்த புதிதில் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பே நடந்தது. உதடு விரிய வேண்டும், பல் கொஞ்சமாகத் தெரிய வேண்டும், கண்ணும் கூடவே வர வேண்டும். கண் வராவிட்டால் விருந்தாளிக்குத் தெரிந்துவிடும். அவளுக்குக் கண் சுலபமாக வந்தது. வகுப்பு எடுத்தவர் மற்றவர்களிடம் அவளைக் காட்டி, இதைப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து பல வருடங்களாக அந்தச் சிரிப்பைக் காலையில் மாட்டி மாலையில் கழற்றினாள். வீட்டுக்கு வரும்போது கன்னம் வலிக்கும். வீட்டில் அவள் முகத்துக்கு ஓய்வு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஹோட்டலின் லிஃப்ட் ஒன்று இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன நாளில்தான் முதன்முதலில் அவளைப் பார்த்தான். கிரீஸ் கையோடு மேசைக்கு வந்து கையெழுத்துக் கேட்டான். அவள் சிரித்தாள். அடுத்த வாரம் எந்த லிஃப்டும் நிற்காமலே வந்தான். பேச்சு குறைவான மனிதன். ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு, அது கீழ்த்தளம் வரைக்கும் போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்து பதில் சொல்வான் என்று அவனுடைய அக்கா கேலி செய்வாள்.

முகம் இப்படியானதிலிருந்து வீட்டில் சோபாவின் இடது ஓரம் அவளுடையதாகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் அவனுக்கு அவளுடைய வலது கன்னம் மட்டும்தான் தெரியும். அது முன்பு அவன் இடம், செருப்பை உதறிவிட்டு வந்து சாயும் இடம். அவன் ஒன்றும் கேட்காமல் இந்தப் பக்கம் மாறிக்கொண்டான். சாப்பிடும்போது அவனுக்குப் பரிமாறிவிட்டு அவள் சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டாள். சோறு இடது கன்னத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும், விரலால் எடுக்க வேண்டும்.

பேச்சும் குறைந்துபோனது. அதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பக்க உதடு வேலை செய்யாவிட்டால் தமிழில் எத்தனை சொற்கள் கையை விட்டுப் போகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 'ப' சொன்னால் காற்றாகக் கசிந்தது. 'ம' பாதியில் அவிழ்ந்தது. அம்மா, அப்பா, பால், மாமா, வேண்டாம், எல்லாம் உதட்டில்தான் இருந்தன. தன் குரல் தனக்கே கள் குடித்தவன் குரலாகக் கேட்டதும், உதடு தொடாத சொற்களாகப் பொறுக்கிப் பேச ஆரம்பித்தாள். சரி. இல்ல. தெரியல. ஒரு குடும்பத்தை இந்த மூன்று சொற்களால் நடத்த முடிந்தது என்பது அவளுக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை ஹோட்டல் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். உடம்பு எப்படி என்று விசாரித்தார். மேசைக்கு ஒரு புதுப் பெண்ணை எடுத்திருப்பதாகச் சொன்னார். "கீழ சலவைத் துணிப் பிரிவு இருக்குல்ல, அதை நீங்க பார்த்துக்கலாம். சம்பளத்துல ஒண்ணும் மாறாது. உங்களுக்கும் நிம்மதியா இருக்கும். திங்கக்கிழமை சொல்லுங்க." சலவைப் பிரிவு நிலவறையில் இருந்தது. படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் தள்ளுவண்டியில் வந்து போகும். அவள் "சரி" என்றாள். எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை. கணவனிடம் இதை அவள் சொல்லவில்லை. சொல்வதற்குத் தேவையான சொற்களில் பாதி உதட்டில் இருந்தன.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் வந்தாள், அவனுடைய அக்கா. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவள் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் அவள் வலது கால் தரையில் ஒரு பிரேக்கைத் தேடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவர்களில் ஒருத்தனை நம்பி ஏற முடியாது என்பாள். வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே தம்பி மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் நெற்றியையோ காதையோ பார்த்துப் பேசினார்கள்.

"இடது பக்க இண்டிகேட்டர் போயிருக்கு. அவ்வளவுதானே," என்றாள்.

கணவன் சங்கடத்துடன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தான். அவன் பராமரிக்கும் குடியிருப்பு ஒன்றில் திரைப்படக் கழகம் நடத்தும் ஒருவர் கொடுத்தாராம். பிரெஞ்சுப் படம், கருப்பு வெள்ளை, நகைச்சுவை. அந்தக் காலத்துக் கொட்டகையில் போடுகிற மாதிரி முன்னால் ஒரு பழைய கார்ட்டூனும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

"நமக்கு என்னடா பிரெஞ்சு தெரியும்?" என்றாள் அக்கா.

அவன் யோசித்துவிட்டு, "தெரியாட்டிப் பரவாயில்லன்னு சொன்னார். பேச்சே கம்மியாம்," என்றான்.

"உன்ன மாதிரின்னு சொல்லு."

மாலை வெயில் திரையில் விழாதபடி ஜன்னல் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டான். டீ போடப் போனான். அதற்குள் நாத்தனார் சோபாவின் வலது ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி, "இங்க வா," என்று அவளைக் கூப்பிட்டாள். மறுக்க மூன்று சொற்களில் ஒன்று இருந்தது, ஆனால் நாத்தனாரிடம் அது செல்லாது. அவள் நடுவில் உட்கார்ந்தாள். கணவன் மூன்று டம்ளரோடு வந்தபோது காலியாக இருந்தது இடது ஓரம் ஒன்றுதான். அவன் ஒரு கணம் நின்றான். பிறகு தன் பழைய இடத்தில், அவளுடைய செத்த கன்னத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் புடவைத் தலைப்பை எடுத்து, குளிருகிற மாதிரி இடது தோளில் ஏற்றிக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கார்ட்டூனில் ஒரு கரடி தன் வீட்டுச் சுவரில் ஒரு படத்தை மாட்ட நினைத்தது. ஆணி அடித்தது. பூச்சு உதிர்ந்தது. கொஞ்சம் தள்ளி அடித்தது. ஒரு செங்கல் விழுந்தது. அந்த ஓட்டையில் பக்கத்து வீட்டு முயல் தலையை நீட்டித் திட்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஓட்டை பெரிதாகி, சுவர் போய், கூரை போய், புகைபோக்கி போய், கடைசியில் வெட்டவெளியில் ஓர் ஆணி மட்டும் எதையும் தொடாமல் நின்றது. கரடி அதில் படத்தை மாட்டி, பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கொஞ்சம் சாய்ந்திருப்பதைத் திருத்தியது.

நாத்தனார் தொடையில் அடித்துச் சிரித்தாள். கணவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்ட்டூன் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கிய பிறகு, "ஆணி நல்லா அடிச்சிருக்கு. சுவர்தான் சரியில்ல," என்றான்.

அதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை உதட்டருகே பிடித்து நிறுத்தி டீயைக் குடிப்பதுபோல் டம்ளரை உயர்த்தினாள். டீ வழிந்தது. தலைப்பால் துடைத்தாள்.

படம் தொடங்கியது. ஒரு வங்கி, ஒல்லியான குமாஸ்தா, தடித்த மேலாளர். மேலாளர் உயிருள்ள வாத்து ஒன்றைக் குமாஸ்தாவின் கையில் கொடுத்து, அன்றிரவு விருந்துக்காக மாலைக்குள் தன் வீட்டில் சேர்க்கச் சொல்கிறார். படம் முழுக்க அவ்வளவுதான். குமாஸ்தா கழுத்துப்பட்டை அவிழாமல், தொப்பி கழன்றுவிடாமல், வாத்தோடு ஊரைக் கடக்க வேண்டும். பேருந்தில் நடத்துநர் வாத்துக்கும் டிக்கெட் கேட்கிறார். வசனம் புரியாததால் நாத்தனார் தானே தமிழில் பேச ஆரம்பித்தாள்.

"ஐயா, இது கைக்குழந்தை."

"கைக்குழந்தைக்கு மூக்கு ஏன் இப்படி?"

"அவங்க அப்பா ஜாடை."

குமாஸ்தா மழைக்கு ஒரு முடிதிருத்தும் கடைக்குள் ஒதுங்கினான். கடைக்காரருக்குக் கண் மங்கல். வாத்தை நாற்காலியில் வைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கத்தரிக்கோலைச் சொடுக்கிக்கொண்டு அதனிடம் நாட்டு நடப்பைப் பேசத் தொடங்கினார். வாத்து கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு மிகுந்த அதிருப்தியோடு திரும்பிக்கொண்டது.

இந்த முறை சிரிப்பைப் பிடிக்க முடியவில்லை. அது வயிற்றிலிருந்து கிளம்பித் தோளைக் குலுக்கி வாய்க்கு வந்தது. வலது பக்கம் மேலே ஏறியது, இடது பக்கம் வர மறுத்தது, வாய் முழுக்க ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தொண்டையிலிருந்து அடைத்த குழாய் திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மூடாத கண்ணில் நீர் கொட்டியது. தலைப்பு எப்போதோ நழுவியிருந்தது. கையால் மூட நினைத்துத் திரும்பியபோது, கணவன் படத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். வாசலில் அவன் வந்து நின்றது தெரிந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்க வேண்டும்.

"கோவமா?" என்றான்.

அவள் டம்ளரை மறுபடி தண்ணீரில் காட்டினாள்.

"கொஞ்ச நாளாவே நீ எம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சேன். எது கேட்டாலும் சரி, இல்ல, தெரியல. நான் ஏதோ பண்ணிட்டேன் போலன்னு நெனச்சேன். என்ன பண்ணேன்னு புரியல."

அவளுக்கு அது புதிதாக இருந்தது. அவன் தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் ஒதுங்கிப் போகிறான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவளுக்குத் தன்மேல் கோபம் என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு தவறான கணக்குகள் இடித்துக்கொள்ளாமல் நடமாடியிருக்கின்றன.

"'ப' வரல," என்றாள். அது 'ஃப'வாகத்தான் வந்தது. "'ம' வரல. கேட்டுப் பாருங்க. அப்பா. அம்மா. கேட்டீங்களா? குடிகாரன் மாதிரி. அதான் பேசல."

அவன் கேட்டான். அது கீழ்த்தளம் வரை போய்வரக் காத்திருந்தான். "புரியுதே," என்றான்.

"புரியறது வேற."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வந்து அதை மூடினான்.

"ஹோட்டல்ல என்னைக் கீழ போகச் சொல்றாங்க," என்றாள். "சலவைப் பிரிவுக்கு. மேசைக்குப் புதுப் பொண்ணு எடுத்தாச்சு."

"நல்லா ஆனதுக்கு அப்புறம்?"

"அதைப் பத்திப் பேசல."

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு, கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னான்.

"அன்னிக்கு மொத மொதல்ல நீ சிரிச்சப்ப, அது எனக்குன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் சும்மா தூண் பக்கம் உக்காந்து பார்த்தேன். எல்லாருக்கும் அதே சிரிப்பு. பெட்டி தூக்கறவருக்கும் அதுதான், வெளிநாட்டுக்காரருக்கும் அதுதான். சரி, வேலைன்னு விட்டுட்டேன். வீட்டுல நீ சிரிச்சு அவ்வளவா பார்த்ததில்ல. அதான் இப்ப பார்த்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அவன் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை. அதில் ஏதோ ஒன்று இதமாக இருந்தது, ஏதோ ஒன்று குத்தியது. குத்தியதுதான் முதலில் வாய்க்கு வந்தது.

"நல்லா இருந்ததை ஊருக்கெல்லாம் குடுத்துட்டேன். கெட்டுப்போனதுதான் உங்களுக்கா?"

 அவன் தலை குனிந்துகொண்டான். பதில் இல்லாதபோது எதையாவது சொல்லி நிரப்புகிறவன் அல்ல அவன். அவளும் அவனை அந்த இடத்திலிருந்து விடுவிக்கவில்லை. ஆனால் முழு முகத்தோடு அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. டாக்டர் அறையில் நின்றதற்குப் பிறகு யார் முன்னாலும் அப்படி நிற்கவில்லை.

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அப்புறமா சண்டை போட்டுக்கங்க. நான் நிறுத்தி வெச்சிருக்கேன். வாத்து நடுரோட்டுல நிக்குது. பாவம், ரெண்டு பக்கமும் வண்டி."

அவர்கள் போனார்கள். நாத்தனார் உடம்பைத் துளியும் நகர்த்தவில்லை. அவளும் அதே நடு இடத்தில் உட்கார்ந்தாள். திரையில் வாத்து, நான்கு தெருக்கள் சேரும் இடத்தில், ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. நாத்தனார் பொத்தானை அமுக்கியதும் காலைக் கீழே வைத்தது. கார்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கீச்சிட்டன. நாத்தனாரின் வலது கால் தரையை அழுத்தியது.

"தூரம் விட்டு வரணும்னு சொன்னா ஒருத்தனும் கேக்கறதில்ல," என்றாள்.

"அண்ணி," என்றாள் அவள் திரையைப் பார்த்தபடி. "திங்கக்கிழமை ஹோட்டலுக்குப் போறேன். கீழ போக முடியாதுன்னு சொல்லப் போறேன். முகம் சரியாகற வரைக்கும் லீவு, சரியானதும் மேசை." 'மு'வும் 'மே'யும் அவிழ்ந்துதான் வந்தன. "ஒத்துக்கலன்னா அப்புறம் பார்த்துக்கலாம்."

"போ. நானே கொண்டு விடறேன். வாசல் வரைக்கும். ரிவர்ஸ் எடுக்காம நிப்பேன்," என்றாள் நாத்தனார், எதைப் பற்றிய பேச்சு என்று கேட்காமலேயே.

 அவள் கையோடு கொண்டுவந்திருந்த டம்ளரைக் கணவன் வாங்கிக் கீழே வைத்தான்.

குமாஸ்தா ஒரு கல்யாணப் புகைப்படத்துக்குள் மாட்டிக்கொண்டான். மணமகளின் மடியில் வாத்து. அப்புறம் ஒரு காவலர் வாத்துக்குச் சல்யூட் அடித்தார். அவள் சிரித்தாள். முகம் அதன்போக்கில் கோணியது. அவனும் சிரித்தான், வழக்கம்போல ஒரு காட்சி தள்ளி. கடைசியில் தொப்பி நசுங்கி, ஒரு ஷூ தொலைந்து, குமாஸ்தா மேலாளர் வீட்டுக் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. மேலாளர் வேறொரு வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவன் வர நேரமானதால் கடையில் வாங்கிவிட்டாராம். இப்போது அதுவும் தேவையில்லை, விருந்து ரத்து என்று நாத்தனார் மொழிபெயர்த்தாள். குமாஸ்தா வந்த வழியே திரும்பி நடந்தான், இரண்டு அக்குளிலும் இரண்டு வாத்துகள். பேருந்து நடத்துநர் தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டார்.

எழுத்துகள் ஓடின. நாத்தனார் சோம்பல் முறித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கணவன் பென்டிரைவைக் கழற்றக் குனிந்தான். அறை இருட்டியிருந்தது. அவள் விளக்கைப் போட்டுவிட்டுத் திரைச்சீலையை முழுதாக மூடப் போனாள்.

எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் பிழியாத துணிகள், கையில் ஒரு கரண்டி. துணி உலர்த்த வந்தவள் பாதிப் படத்தை அங்கேயே நின்று பார்த்திருக்க வேண்டும். நடுவில் அடுப்பைப் பார்க்க ஓடியிருக்க வேண்டும். இதற்கு முன் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பெண் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு கரண்டியை டி.வி. பக்கம் நீட்டி, மற்றக் கையை விரித்தாள். என்ன ஆச்சு?

அவள் திரைச்சீலையை விட்டாள். விளக்கு வெளிச்சத்தில் முழங்கைகளை மடக்கி இறக்கைபோல் அடித்துக் காட்டினாள். பிறகு இரண்டு விரல்களை உயர்த்தினாள். எதிர்ப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலையைச் சாய்த்தாள். தோளிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து, முன்னால் சாய்ந்து, குமாஸ்தா தட்டிய கதவிலிருந்து மறுபடி நடித்துக்காட்ட ஆரம்பித்தாள்.